சட்டமா, வளையமா, கட்டம் கட்டமாகவா? வீட்டு வேலைக்கும் விருந்தாளிகளுக்கும் நடுவே கையால் குயில்ட் தைப்பவர்களுக்கு

நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வையான குயில்ட்டைக் கையால் தைக்க முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. முழுப் போர்வையையும் பெரிய மரச்சட்டத்தில் விரித்துக் கட்டித் தைக்கலாம். 14 அங்குல வளையத்தை மாட்டி மடியில் வைத்துத் தைக்கலாம். கட்டம் கட்டமாகத் தனித்தனியே தைத்து முடித்துவிட்டுக் கடைசியில் எல்லாவற்றையும் இணைக்கவும் செய்யலாம். மேல் துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி என்ற மூன்று அடுக்கையும் ஓட்டுத் தையலால் பிடிப்பதுதான் மூன்றிலும் வேலை. வேலைக்குப் பிடிக்கும் இடம்தான் ஒவ்வொன்றிலும் வேறு. அதனால் வீட்டு நடப்பில் அவை எப்படிப் பொருந்துகின்றன என்பதும் வேறு.

இந்த மூன்றையும் ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாகத் தையலின் சீரையும் வேகத்தையும்தான் பேசுவார்கள். நான் வேறு ஒரு கேள்வியை முன்னால் வைக்கிறேன்: பாதித் தையலில் எழுந்து போக வேண்டியிருந்தால் என்ன ஆகும்? அடுப்பு கூப்பிடும், குழந்தை அழும், சொல்லாமல் கொள்ளாமல் சித்தப்பா குடும்பம் வாசலில் வந்து நிற்கும். படுக்கை அளவுப் போர்வை கைத்தையலில் முடிய மாதக்கணக்கில் ஆகும். பலருக்கு ஒரு வருடத்தைத் தாண்டும். அதில் நாம் ஊசி பிடிக்கும் நேரத்தைவிட அந்தத் துணி மடித்து வைக்கப்பட்டுக் காத்திருக்கும் நேரம்தான் பல மடங்கு அதிகம். ஆகவே எந்த முறை நன்றாகக் காத்திருக்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு நல்லது.

சட்டம்

சட்டத்தின் பலம் அதன் இழுவை. மூன்று அடுக்கும் உருளைக் கட்டைகளில் சுற்றி ஒரே சீராக நிற்பதால் அடித்துணி சுருங்கி மடிப்பு விழாது. மூன்று கட்டை கொண்ட சட்டமாக இருந்தால், அடுக்குகள் நகராமல் தற்காலிகமாகப் பிடிக்கும் கச்சாத் தையல் போடும் வேலையே மிச்சம். எழுந்து போவதிலும் சிரமமில்லை. ஊசியை எடுத்து வைத்துவிட்டு நடக்கலாம், திரும்பி வந்தால் விட்ட இடம் கண்ணெதிரே இருக்கும்.

ஆனால் இடம்? 90 அங்குல அகலப் போர்வைக்குக் கட்டை ஏழரை அடிக்கு மேல் வேண்டும். சுற்றி நாற்காலி போடவும் இடம் விட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அவ்வளவு இடம் சும்மா கிடப்பது வருகிறவர்கள் படுக்கும் அறையில்தான். யாராவது தங்க வருகிறார்கள் என்றால் சட்டத்தைக் கழற்ற வேண்டும், பாதிப் போர்வையைச் சுற்றி வைக்க வேண்டும், அவர்கள் போனதும் மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே வருகையைத் தள்ளிப்போடச் சொல்லும் அளவுக்குச் சிலர் போய்விடுகிறார்கள். அது வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆட்கள் வருவதைத் தடுக்கும் போர்வை யாரைப் போர்த்துவதற்கு?

அமெரிக்காவின் தென்பகுதிக் கிராம வீடுகளில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சட்டத்தின் நான்கு மூலையிலும் கயிறு கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிடுவார்கள். தைக்கும்போது இறக்குவது, சமைக்கவும் படுக்கவும் இடம் வேண்டியபோது மேலே ஏற்றிவிடுவது. சின்ன வீட்டில் குடும்பமும் இருக்க வேண்டும், போர்வையும் வளர வேண்டும் என்றிருந்தவர்களின் ஏற்பாடு அது. இன்றைய கூரைக்கு ஒத்து வராது. ஆனாலும் சட்டம் வைத்திருப்பவர் எதை யோசிக்க வேண்டும் என்பது அதில் தெரிகிறது.

சட்டத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அது எனக்கு மிகவும் பிடித்த பக்கம். மற்ற இரண்டு முறைகளும் ஒற்றை ஆள் வேலை. சட்டத்தைச் சுற்றி நான்கு பேர் உட்காரலாம். முழங்கையை ஊன்றிக் கை போகும் போக்கில் வளைவு வளைவாகப் போடும் விசிறி வடிவம் இப்படிச் சேர்ந்து தைப்பவர்களுக்கு அவ்வளவு பொருத்தம். அவரவர் உட்கார்ந்த இடத்திலிருந்து அவரவர் வளைவு. கைக்குக் கை தையல் மாறும்தான். என் அண்ணியின் தையல் என்னுடையதைவிட நீளம், பார்த்தவுடன் தெரியும். அதைப் பிரித்துவிட்டுத் திரும்பத் தைப்பது தவறு என்று உறுதியாக நம்புகிறேன். அவர் உட்கார்ந்து தைத்த இடம் அது, அப்படியே இருக்க வேண்டும்.

வளையம்

குயில்ட் வளையம் எம்பிராய்டரி வளையத்தைவிடத் தடிமனானது. இதில் துணியை முரசுத்தோல் போல இறுக்கிவிடக் கூடாது. கொஞ்சம் தளர்வு இருந்தால்தான் ஊசியை மேலும் கீழும் அசைத்து ஒரே இழுப்பில் மூன்று நான்கு தையல் எடுக்க முடியும். நடுவில் ஆரம்பித்து ஓரத்தை நோக்கி வர வேண்டும்.

நிறுத்துவது எளிது. திருகைத் தளர்த்தி, வளையத்தைக் கழற்றி, போர்வையை மடித்து அலமாரியில் வைத்தால் அறை பழையபடி ஆகிவிடும். வளையத்தை மட்டும் கழற்றாமல் விட்டுவிடாதீர்கள். நாள்கணக்கில் அப்படியே கிடந்தால் வட்டமாகத் தடம் விழும், துணியும் அந்த இடத்தில் இழுபடும். பெரிய போர்வை மடியில் கனக்கும், வெயில் காலத்தில் கட்டாயம் வேர்க்கும். பக்கத்தில் மேசையோ நாற்காலியோ போட்டுப் பாரத்தை அதில் சாய்த்துக்கொள்ளலாம்.

வளையத்துக்கு உள்ள பெரிய முன்வேலை கச்சாத் தையல். அடித்துணியைத் தரையில் விரித்துச் சுருக்கமில்லாமல் ஒட்டுநாடாவால் பிடித்து, மேலே பஞ்சும் மேல் துணியும் போட்டு, ஒரு கையகலத்துக்கு ஒரு வரி என்று நெடுக்கும் குறுக்குமாக நீளத் தையல் ஓட்ட வேண்டும். தனியாளுக்கு முதுகை முறிக்கும் வேலை. இந்த வேலையை ஆட்கள் வந்திருக்கும் நாளுக்கு ஒதுக்கி வையுங்கள். நான்கு மூலைக்கு நான்கு பேர் கிடைப்பார்கள். கச்சாத் தையல் எப்படியும் கடைசியில் பிரிக்கப்படுவதுதான், அதனால் தையலே தெரியாத மாமாவும் ஊசி பிடிக்கப் பழகும் பிள்ளையும்கூடப் போடலாம். விருந்தாளிகளால் தையல் கெடுகிறது என்று புலம்புவோரிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். தனியாகச் செய்ய மிகவும் சிரமமான வேலைக்கு அவர்கள் கை கிடைக்கிறது.

கட்டம் கட்டமாக

12 அங்குலக் கட்டமாக 42 தைத்து, ஆறுக்கு ஏழாக வைத்தால் 72-க்கு 84 அங்குலப் போர்வை. ஒவ்வொரு கட்டமும் தனியாக மூன்று அடுக்கு, தனியாகத் தைத்து முடிக்கப்பட்டது. நீங்களே ஊருக்குப் போய்த் தங்குபவர் என்றால் இதற்கு இணை கிடையாது. ஒரு கட்டம், நூல்கண்டு, சின்னக் கத்தரி, விரல்தொப்பி எல்லாம் ஒரு கைப்பையில் அடங்கும். யார் வீட்டிலும் எந்த மூலையிலும் உட்காரலாம்.

சிக்கல் முடிவில் வருகிறது. தைக்கும்போதே நான்கு ஓரத்திலும் முக்கால் அங்குலம், ஒரு அங்குலம் தைக்காமல் விட்டுவர வேண்டும். பிறகு மேல் துணிகளை இணைத்து, பஞ்சை ஒன்றோடொன்று முட்டும்படி வெட்டி, அடித்துணியை மடித்து மறைதையல் போட வேண்டும். இந்த இணைப்பு வேலை அலுப்பானது. முடித்த கட்டங்கள் பெட்டியிலேயே தங்கிவிடும் வீடுகள் நிறைய. ஒரு வரிசைக்கான கட்டங்கள் சேர்ந்ததுமே அதை இணைத்துவிடுவது நல்லது. போர்வை முழுக்க ஓடும் பெரிய வடிவங்கள் இதில் வராது என்பதையும் முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள்.

காகித அச்சில் மடித்துச் சேர்க்கும் அறுகோணத் துண்டுகளும் இதே பயணப் பைக்குரியவை. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு என்று 19 துண்டில் ஒரு பூ. ஆனால் அதில் மேல் துணி மட்டும்தான் முடியும். அடுக்குகளைத் தைக்கும் வேலை அப்படியே பாக்கி இருக்கும்.

கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி என்னும் ஒட்டுத்துணிப் போர்வை இந்தப் பட்டியலுக்குள் அடங்காத அழகு. துண்டுகளின் ஓரத்தை மடித்து வைத்து, விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றி ஓட்டுத் தையல் போட்டே துண்டு சேர்ப்பதும் அடுக்குப் பிடிப்பதும் ஒன்றாக முடிகின்றன. சட்டம் இல்லை, வளையமும் இல்லை. எங்கே நிறுத்தினாலும் நிற்கும்.

காத்திருக்கும் துணிக்கு என்ன ஆகிறது

முறையைவிடச் சில நேரம் பொருள்கள்தான் காலை வாரிவிடும். தையல் வடிவத்தைத் துணியில் வரையும் மைகளில், காற்றில் மறையும் ஊதா மை சில மணி நேரத்திலிருந்து இரண்டொரு நாளுக்குள் அழிந்துவிடும். அன்றே தைத்து முடிப்பவருக்கு அது வசதி. பாதியில் விருந்தாளிகள் வந்துவிட்டால் போட்ட கோலம் முழுவதும் போய்விடும். சூட்டில் அழியும் பேனா குளிரில் மீண்டும் தலைகாட்டக்கூடும். தண்ணீரில் அழியும் நீல மை காத்திருக்கும்தான், ஆனால் அலசுவதற்கு முன்னால் இஸ்திரிப் பெட்டி பட்டால் கறையாகிவிடலாம். இடைவெளி விட்டுத் தைப்பவருக்கு மழுங்கிய முனையால் அழுத்திக் கோடு கீறும் முறை மிக நம்பகம். மை இல்லாததால் கறை பயமே இல்லை. தையல் கோட்டுக்கு ஒட்டுநாடா பயன்படுத்தினால் அன்றன்றே எடுத்துவிடுங்கள், பசை துணியில் தங்கும்.

அடுக்குகளைப் பிடிப்பதிலும் அப்படியே. பசை ஸ்பிரே வேகமானது, ஆனால் மாதக்கணக்கில் மடித்து விரிக்கும் போர்வையில் பிடி தளரும். ஊக்குகள் வளையத்துக்கு இடைஞ்சல், நீண்ட நாள் இருந்தால் துருவும் ஏறும். நூலில் போட்ட கச்சாத் தையல்தான் வருடம் ஆனாலும் நிற்கும். மடிக்கும்போது ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் மடியுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், பருத்தித் தலையணை உறை போதும்.

ஊசி விஷயத்தில் மட்டும் எந்தச் சமரசமும் கூடாது. எழுந்திருக்கும்போது துணியில் குத்தி விடாமல், எண்ணி டப்பாவில் போட்டு மூடிவிட்டுத்தான் போக வேண்டும். குட்டிப் பிள்ளைகள் வரும் வீட்டில் இது மிக மிக முக்கியம். காலையிலேயே நூல்கண்டு நூலில் ஆறேழு ஊசியை வரிசையாகக் கோத்து வைத்துவிட்டால், ஒவ்வொன்றாக முன்னால் இழுத்து 18 அங்குலத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். கோக்கும் வேலையைக் கண் நன்றாகத் தெரியும் வயதுப் பேரப்பிள்ளைகள் ஆசையாகச் செய்வார்கள். ஒரு நூல் தீர்வதுதான் இயல்பான நிறுத்தம் என்பதால், இன்று அரை மணி நேரம் என்று கணக்கு வைக்காமல் இன்று இரண்டு நூல் என்று வைத்துக்கொள்வது வீட்டு நாளுக்குள் நன்றாகப் பொருந்துகிறது.

எந்த வீட்டுக்கு எது

உங்கள் வீட்டுக்கு ஆட்கள் அடிக்கடி வருவார்கள், வந்தால் தங்குவார்கள் என்றால் வளையம். ஒரு அறையை நிரந்தரமாக விட முடியும், வருகிறவர்களும் ஊசி பிடிப்பவர்கள் என்றால் சட்டம். அந்த வாய்ப்பு இருக்கிறவர்கள் அதை விட்டுவிடக் கூடாது. நீங்கள்தான் பயணப்படுகிறவர் என்றால் கட்டங்கள். கூடத்தில் எல்லோரோடும் பேசிக்கொண்டே தைக்க நேர்கோடும் குறுக்குக் கோடும் போதும். இறகு, கொடி போன்ற நுணுக்க வடிவங்களை வீடு அமைதியாக இருக்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேச்சில் கலந்துகொள்ளாமல் குனிந்தே இருப்பவரோடு உட்கார யாருக்கும் மனம் வராது.

தேதி வைத்துத் தைக்கும் பரிசுப் போர்வைக்கு என் கணக்கு வேறு. அங்குலத்துக்கு எட்டு, பத்து என்று நுணுக்கமாகத் தைக்கும் முறையை அதற்கு எடுக்கவே வேண்டாம். 8-ஆம் எண் பெர்ல் காட்டன் என்னும் தடித்த நூலில், காது பெரிய ஊசியால், அங்குலத்துக்கு நான்கைந்து தையல் என்று போடுங்கள். தையல் துணிந்து வெளியே தெரியும், அழகாகவும் இருக்கும். பல நாள் விட்டுவிட்டு மறுபடி எடுக்கும்போது முதல் சில தையல் கோணினாலும் இதில் கண்ணை உறுத்தாது. பிறக்கப்போகும் குழந்தைக்கு என்றால் படுக்கை அளவை விட்டுவிட்டுத் தொட்டில் அளவில் வளையத்திலேயே முடித்துவிடலாம், ஓரப்பட்டி வைக்க மட்டும் ஒரு வாரம் தனியாக ஒதுக்கிக்கொள்ளுங்கள்.