கோடைக்குத் தயிரா, மோரா, வெட்டிவேர்த் தண்ணீரா?

வெயில் ஏறினால் 'உடம்பு சூடாயிடுச்சு' என்ற பேச்சும் ஏறிவிடும், கூடவே ஆளுக்கொரு வைத்தியம். தயிர் சாப்பிடு, மோர் குடி, ஐஸ் தண்ணியைத் தொடாதே, நல்லெண்ணெய் வை... எல்லாவற்றுக்கும் ஆயுர்வேதம் என்று முத்திரை வேறு. ஆயுர்வேதத்தின் பழைய மூல நூல்களான சரக சம்ஹிதையையும் அஷ்டாங்க ஹிருதயத்தையும் எடுத்துக் கோடைப் பகுதியைப் பார்த்தால் கதை கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது.

உடம்பை இயக்குவதாக ஆயுர்வேதம் சொல்லும் வாதம், பித்தம், கபம் மூன்றில், கோடை என்றால் பித்தம் என்றுதான் பொதுவாகச் சொல்கிறோம். நூல்களின் கணக்குப்படி பித்தம் மழைக்காலத்தில் சேர்ந்து, மழை முடிந்தபின் வரும் சரத் காலத்தில்தான் சீறும். கோடையில் சேர்வது வாதம். வெயில் உடம்பின் ஈரத்தை உறிஞ்சி வறட்சியாக்குகிறது, பலமும் செரிமானமும் குறைகின்றன என்பது அவர்கள் பார்வை. ஆகவே தொட்டால் சில்லென்று இருக்கிறதா என்று பார்ப்பதைவிட ஈரத்தையும் தெம்பையும் திருப்பித் தருகிறதா என்று பார்ப்பதே சரி.

அப்படிப் பார்த்தால் தயிர் முதல் சுற்றிலேயே வெளியே. கோடை, சரத், வசந்தம் மூன்றிலும் தயிர் பெரும்பாலும் ஆகாது என்கிறது சரகம். நாக்குக்குக் குளிர்ச்சி, ஆனால் செரிக்கக் கனம், புளிப்பு, உள்ளே போனால் சூடு என்பது கணக்கு.

சரி, மோர்? அதற்கும் இன்னொரு மூல நூலான சுஸ்ருத சம்ஹிதை கை காட்டி நிறுத்துகிறது: வெயில் காலத்தில் வேண்டாம், மயக்கம், தலைசுற்றல், எரிச்சல் உள்ளவர்களுக்கும் வேண்டாம். மோர் விரோதி ஆகிவிடாதீர்கள், பொறுங்கள். அங்கே சொல்லப்படும் மோர், தயிருக்குப் பாதி தண்ணீர் விட்டுக் கடைந்த கெட்டிச் சரக்கு. புளிக்காத தயிரில் நாலைந்து பங்கு தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டுக் கடைந்த நீர்மோர் கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான். வியர்வையில் போவதும் தண்ணீரும் உப்பும்தானே. வெயிலில் வேலை செய்துவிட்டு வருகிறவருக்கு என் ஓட்டு இதற்கே. நேற்றைய புளித்த மோருக்கு இல்லை. ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் உப்பு விஷயத்தில் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள்.

இந்தப் போட்டியில் யாருமே பெயர் கொடுக்காத ஓர் ஆள் இருக்கிறார்: மந்தா. வறுத்த வாற்கோதுமை (பார்லி) மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்துச் சர்க்கரை சேர்த்த பானம். கோடைக்கு இதைச் சரகம் பெயர் சொல்லியே பரிந்துரைக்கிறது, நெய், பால், அரிசிச் சோற்றோடு சேர்த்து. வெயிலில் சாப்பாடே இறங்காதவர்களுக்கு இது மோரைவிட ஒரு படி மேல், ஏனென்றால் தண்ணீரோடு கொஞ்சம் சாப்பாடும் உள்ளே போகிறது. நீரிழிவுக்காரர்கள் சர்க்கரையை விட்டுவிடலாம், மாவிலும் மாவுச்சத்து உண்டு என்பதை மறக்காமல்.

அடுத்து வெட்டிவேர்த் தண்ணீரா, குளிர்ந்த நீரா என்ற சண்டை. ஆயுர்வேதம் குளிர்ந்த நீரையே தடை செய்கிறது என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. ஆனால் அஷ்டாங்க ஹிருதயம் கோடைக்குச் சொல்வதே பாதிரிப்பூ மணமேற்றி, கற்பூரம் சேர்த்த நல்ல குளிர்ந்த நீர்தான்! (கற்பூரத்தை நீங்களாக முயற்சி செய்ய வேண்டாம்; கொளுத்துகிற கற்பூரம் விஷம்.) வெட்டிவேரின் பெரிய லாபம், என்னைக் கேட்டால், வாசனை. வெறும் தண்ணீர் குடிக்கச் சலிப்பவர் இதை இரண்டு டம்ளர் கூடுதலாகக் குடிப்பார். மண் போகக் கழுவிய ஒரு சிறு பிடி வேரை மண்பானைத் தண்ணீரில் சில மணி நேரம் போட்டாலே போதும். வேர் வழவழப்பானாலோ வாடை மாறினாலோ தூக்கிப் போடுங்கள், காசைப் பார்க்காதீர்கள்.

எண்ணெயில் குழப்பம் இன்னும் அதிகம். நல்லெண்ணெய் சூடு தணிக்கும் என்பது ஊர்ப் பேச்சு, ஆயுர்வேதத்தில் அது உஷ்ணம். தேங்காய் எண்ணெய்தான் சீதம், அதாவது குளிர்ச்சி. வறண்ட தோலுக்கு நல்லெண்ணெய் நல்லதுதான், தலை கொதிக்கிறது என்பவருக்குத் தேங்காய் எண்ணெய். எதுவானாலும் குளித்து நன்றாகக் கழுவிவிட வேண்டும். சந்தனப் பூச்சும் ஈரமாக இருக்கும்வரைதான் வேலை செய்யும். நெற்றியில் காய்ந்து வெடித்து, சிரித்தால் உதிர்கிற நிலைக்கு வந்துவிட்டால் அது வெறும் அலங்காரம். ஈரத்துணியால் துடைத்துக் கொள்வது அதைவிட மேல்.

அப்புறம் உடற்பயிற்சியா, பகல் தூக்கமா? நூல்களில் இதற்குத் தீர்ப்பு தெளிவு. கோடையில் உடற்பயிற்சியைத் தவிர்க்கச் சொல்கிறார்கள், மற்றப் பருவங்களில் பொதுவாகத் தடை செய்யும் பகல் தூக்கத்துக்கு அனுமதி தருகிறார்கள், இரவு குறுகிவிடுவதால். உடல் பருத்தவர்களுக்கும் கப உடம்புக்காரர்களுக்கும் மட்டும் அந்தச் சலுகை இல்லை. பயிற்சியை முழுதாக விட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். விடியற்காலைக்கு மாற்றிப் பாதியாகக் குறைத்தால் போதும். ஆனால் மத்தியானம் அரைமணி படுக்கிறவரைச் சோம்பேறி என்று யாரும் திட்டக்கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஒப்பீடே கிடையாது. வெயிலில் இருந்தவர் உளறினாலோ, நினைவு தப்பினாலோ, உடம்பு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொதித்தாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரால் நனைத்து, விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.