கையில் காசா, ஊரில் பராமரிப்பு நிலையமா?

கொரோனாவுக்குப் பிறகு பெண்களின் சுமையைக் குறைக்க அரசிடம் எதைக் கேட்பது: மாதாந்தக் கொடுப்பனவா, பிள்ளைகளுக்கான பகல் பராமரிப்பு நிலையமா? யாழ்ப்பாணத்து மாதர் சங்கங்களில் பணிபுரியும் எவருக்கும் இது லேசான கேள்வி அல்ல.

வேகம்
காசு: 2020 ஏப்ரலில் 5,000 ரூபா, பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த சமுர்த்தி (இலங்கை அரசின் வறுமை ஒழிப்புத் திட்டம்) பட்டியல் வழியாக விரைவாகப் போனது.
நிலையம்: கட்டடம், பயிற்சி, சம்பளம். காலம் எடுக்கும்.

யாருக்குப் பயன்
காசு: 2023 இல் தொடங்கிய அரசின் நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டமான அஸ்வெசும, குடும்பத்தை ஒரே அலகாகப் பார்க்கிறது. வீட்டுக்குள் அந்தக் காசை யார் செலவழிக்கிறார் என்பது அதற்குத் தெரியாது. கணக்கு பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும்; இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. நுண்கடன் தவணைக்கு ஓடும் பெண்ணுக்கு அது மூச்சுவிட இடம் தரும்.
நிலையம்: பெண்ணின் நேரத்தை மீட்டுத் தருகிறது. பள்ளிகள் மூடியபோது சமையல், பாடம், நோயாளி எல்லாம் அவள் தலையில்தான் விழுந்தன. இன்றும் முன்பள்ளி மதியத்தோடு முடிகிறது. நண்டு பதனிடும் வேலைக்குப் போகும் தாய் அதன் பிறகு பிள்ளையை எங்கே விடுவாள்? அம்மம்மா இல்லாத வீட்டில் வேலையே போய்விடும். நிலையத்தின் பராமரிப்பாளருக்கும் சேமலாப நிதியோடு (ஓய்வுக்காலச் சேமிப்பு) சம்பளம் வேண்டும், ‘தொண்டு’ என்று சொல்லி ஏய்க்கக் கூடாது.

நிலைப்பு
காசு: 2022 போல விலைவாசி ஏறினால் கரைந்துவிடும்.
நிலையம்: நிதி நின்றால் பூட்டு.

முதிய பெண்ணுக்கும் மாற்றுத்திறனாளிக்கும் காசு. சிறுபிள்ளையோடு உழைக்கும் தாய்க்கு நிலையம். இன்னொரு பெருந்தொற்று வந்தால் நிலையமும் மூடப்படும், அப்போது எல்லாருக்கும் முதலில் காசு.