ஃபிளாஷா, பைனரியா? புவிவெப்ப மின்சாரத்துக்கு எது நல்லது

நியூசிலாந்தில் ஒரு சிறிய புவிவெப்ப மின் திட்டத்துக்கு இயந்திரம் தேர்ந்தெடுத்த குழுவில் நானும் இருந்தேன். நிலத்தடிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஃபிளாஷ், பைனரி என்ற இரண்டு முறைகளில் பைனரியை எடுத்தோம். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

நிலத்தடியிலிருந்து வெறும் நீராவியே வந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, நேராக டர்பைனுக்குள் விட்டுவிடலாம். இத்தாலியின் லார்டரெல்லோவிலும் கலிபோர்னியாவின் கெய்சர்ஸிலும் அப்படித்தான். பெரும்பாலான இடங்களில் கிணறு தருவது சுடுநீர்தான்.

ஃபிளாஷ் முறையில் அந்த நீரின் அழுத்தத்தைச் சட்டென்று குறைப்பார்கள். ஒரு பகுதி ஆவியாகி டர்பைனைச் சுற்றும். பைனரியில் சுடுநீர் டர்பைன் பக்கமே போகாது. வெப்பப் பரிமாற்றியில், 36 டிகிரியிலேயே கொதிக்கிற பென்டேன் போன்ற திரவத்துக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடும். டர்பைனைச் சுற்றுவது பென்டேன் ஆவி. அலாஸ்காவின் சேனாவில் 2006 முதல் சுமார் 74 டிகிரி நீரை வைத்தே இப்படி மின்சாரம் எடுக்கிறார்கள். அந்தச் சூட்டில் ஃபிளாஷ் பேச்சுக்கே இடமில்லை.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது சூடு மட்டுமல்ல, எடுத்த நீர் எங்கே போகிறது என்பதுதான். 1958-இல் நியூசிலாந்தில் தொடங்கிய வைராக்கெய் ஃபிளாஷ் நிலையம் பயன்படுத்திய நீரைப் பல ஆண்டுகள் வைக்காட்டோ ஆற்றில்தான் விட்டது. நிலத்தடி அழுத்தம் இறங்கியது. ஓரிடத்தில் தரை சுமார் 15 மீட்டர் உள்வாங்கிவிட்டது! கெய்சர்ஸிலும் 1980-களின் இறுதியிலிருந்து ஆவி குறைந்தது. 1997-இலும் 2003-இலும் குழாய் போட்டு, சுத்திகரித்த கழிவுநீரை உள்ளே அனுப்பத் தொடங்கிய பிறகுதான் சரிவு மட்டுப்பட்டது. இன்று ஃபிளாஷ்காரர்களும் நீரைத் திருப்பி அனுப்புகிறார்கள். ஆனாலும் குளிர்விக்கும் கோபுரத்தில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். காற்றால் குளிரும் பைனரியில் எடுத்த நீர் ஏறக்குறைய முழுவதும் கிணற்றுக்கே திரும்பும். முப்பது வருடம் ஓட வேண்டிய கிணற்றுக்கு இதைவிடப் பெரிய விஷயம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் சிலிக்கா, அதாவது நிலத்தடி நீரில் கரைந்து வரும், மணலில் இருக்கிற அதே தாதுப்பொருள். ஆவி பிரிந்தபின் எஞ்சும் நீரில் சிலிக்காவின் செறிவு கூடும். சூடு இறங்க இறங்க, வெந்நீர்ப் பாத்திரத்தில் உப்புப் பிடிப்பது போல குழாயில் படியும். பைனரிக்கும் இதிலிருந்து முழு விடுதலை இல்லை. ஆசைப்பட்டு நீரை அளவுக்கு மீறி ஆறவிட்டால் பரிமாற்றிக் குழாய்களில் படிந்துவிடும்.

பைனரியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வெயில் கொளுத்தும் மதியத்தில் உற்பத்தி இறங்கும். விசிறியும் பம்பும் கணிசமான மின்சாரத்தைத் தின்னும். பென்டேன் தீப்பிடிக்கும் பொருள், அதற்கான பாதுகாப்புச் செலவு தனி.

கிணறு 250 டிகிரியைத் தாண்டினால் ஃபிளாஷ் பக்கம் கணக்கு மாறலாம். அந்தச் சூட்டில் நான் வேலை பார்த்ததில்லை, அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். அங்கேயும் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை: ஆவி பிரிந்தபின் மிஞ்சும் சுடுநீருக்கென்று வைராக்கெய்யிலேயே 2005-இல் ஒரு பைனரி அலகைச் சேர்த்தார்கள்.