விறைப்பூசிக்கு 6,500 ரூபா வாங்கிவிட்டு இரண்டு பனடோல் கொடுத்தார்கள்: கருப்பைச் சோதனைக்குப் போகிறவர்கள் கவனம்

முந்தாநாள் நடந்தது. அடிவயிறு இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. பெயர் போடவில்லை. ஹட்டன் பக்கம் ஒரு தனியார் கிளினிக், அவ்வளவுதான்.

எனக்கு 44 வயது. நாலு மாதமாக உதிரப்போக்கு நிற்கவில்லை. கருப்பைக்குள்ளிருந்து துளி சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார்கள். மயக்கம் கிடையாது, கிளினிக் கட்டிலிலேயே மெல்லிய குழாயை விட்டு எடுப்பது. பயந்துவிட்டேன். கவுண்டரில் இருந்தது நம்ம தமிழ்ப் பிள்ளை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்க அக்கா, பல்லுப் புடுங்க போடுவாங்களே, அந்த மாதிரி விறைப்பூசி போட்டுத்தான் எடுப்பாங்க. நுள்ளுற மாதிரித்தான் இருக்கும்" என்றாள். ஊசிக்குத் தனியாக 6,500 ரூபா. மொத்தம் 21,000. சீட்டுக்காசை எடுத்துக் கட்டினேன். தமிழில் அவ்வளவு ஆதரவாகப் பேசியதாலேயே நம்பினேன். கையெழுத்து வாங்கிய பேப்பர் இங்கிலிசில் இருந்தது, வாசித்துச் சொல் என்றுகூடக் கேட்கவில்லை.

படுக்கப் போவதற்கு ஐந்து நிமிஷம் முந்தி மிஸ்ஸி இரண்டு பனடோல் தந்தார். ஊசி எப்போது என்று கேட்டேன். "ரெண்டு நிமிஷ வேலைதானே" என்றார் டொக்டர். உடனே கருப்பை வாயை எதுவோ கவ்வியது. அப்புறம் குழாய். குடலைப் பிடித்து முறுக்குகிற வலி. நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். "மூணு புள்ளை பெத்தவங்கதானே, பொறுங்க." கட்டில் மெத்தை கிழிந்த இடத்தில் விரலை விட்டு இறுக்கியிருக்கிறேன் போல, பஸ்ஸில் வரும்போது பார்த்தால் நகத்துக்குள் பஞ்சு.

பில்லில் 'பெயின் மெனேஜ்மென்ட் 6,500' என்று இருக்கிறது. கேட்டால், "பனடோல் குடுத்தோமே." இரண்டு பனடோல் 6,500 ரூபாவா? மனேஜரைக் கேட்கச் சொன்னார்கள், மனேஜர் கண்டிக்குப் போய்விட்டாராம். நேற்று கோல் எடுத்தால் டொக்டர்தான் சொல்ல வேண்டுமாம், அவர் சனிக்கிழமைதான் வருவாராம். இன்று என் நம்பரைக் கண்டதும் கட் பண்ணுகிறார்கள். 2024இல் தேயிலைத் தோட்டத்துக்கு நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் 6,500 என்பது கிட்டத்தட்ட ஐந்து நாள் கொழுந்து பறிக்கிற காசு. என் அம்மா அந்த மலையில் ஏறி இறங்கித்தான் எங்களை வளர்த்தார்.

ராத்திரி தூக்கமில்லாமல் தேடி வாசித்தேன். இந்த மாதிரிச் சோதனைகளுக்கு முன்பே வலியைப் பற்றிப் பேசி, இருக்கிற வழிகளைச் சொல்லித் தர முன்வர வேண்டும் என்று அமெரிக்காவின் மகப்பேற்று, பெண்ணோயியல் மருத்துவர் கல்லூரி 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது. கருப்பை வாயைச் சுற்றி லிடோகெயின் என்ற விறைப்பு மருந்து ஊசி, அதே மருந்தில் ஸ்பிரே, ஜெல், முன்கூட்டியே குடிக்கிற ஐபுபுரோஃபன் போன்ற மாத்திரை, சிலருக்கு மயக்கம். எல்லாம் எல்லாருக்கும் முழுதாகக் கேட்காதுதான். என்னிடம் ஒன்றையாவது வேண்டுமா என்று கேட்டார்களா?

சோதனையை விடாதீர்கள், அது தேவையானது. ஆனால் என்ன ஊசி, எப்போது என்று கவுண்டரில் இல்லை, டொக்டரிடமே கேளுங்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா என்றும் கேளுங்கள். அல்சர், சிறுநீரக வருத்தம் இருந்தால் ஐபுபுரோஃபன் மாதிரி மாத்திரைக்கு முன்னால் சொல்லுங்கள். தமிழில் வாசித்துக் காட்டாத பேப்பரில் கையெழுத்து வேண்டாம். தனியாகப் போகாதீர்கள். இன்னும் எழுத நினைத்தேன், உட்கார முடியவில்லை.

ரிப்போர்ட் வாங்க சனிக்கிழமை அதே கவுண்டருக்குத்தான் போக வேண்டும். தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு பில்லோடு போகிறேன். 6,500 ரூபாவை டொக்டர் முகத்தைப் பார்த்தே கேட்பேன்.