தண்ணீர் ரொக்கெட்டின் மின்னணுப் பெட்டி: மூன்று வருடப் பாவனை அனுபவம்

கிளிநொச்சியில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளோடு தண்ணீர் ரொக்கெட் விடத் தொடங்கி மூன்று வருடமாகிறது. 2 லீற்றர் சோடாப் போத்தல், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்மால் 80 பி.எஸ்.ஐ. அமுக்கத்தில் காற்று. 50 மீற்றரைச் சுற்றி ஏறும். உச்சியில் பரசூட்டை விரிக்கும் பெட்டியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

வெளிநாடுகளில் பெரிய ரொக்கெட் விடுபவர்கள் பரசூட்டைத் தள்ளக் கருமருந்து வைப்பார்கள். வன்னியில் அந்தப் பேச்சே வேண்டாம் என்று முதல் நாளே முடிவெடுத்தேன். முதல்முறை விட்டபோது பக்கத்து வயல்காரப் பெரியவர் வரம்பில் நின்று கேட்டார்: “தம்பி, இது வெடிக்குமோ?” “இல்லை ஐயா, தண்ணியும் காத்தும்தான்.” அதைக் கேட்ட பிறகுதான் கிட்ட வந்தார். அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. ஆகவே எங்கள் பெட்டியில் மருந்து இல்லை. ஒரு சின்ன எஸ்ஜி90 சேர்வோ மோட்டர் (சொன்ன அளவுக்கு மட்டும் திரும்புவது) கொக்கியை விடுவிக்கும், ரப்பர் பட்டி மூடியைத் தள்ளும், அவ்வளவுதான்.

உள்ளே ஒரு பலகையில் பூட்டியிருப்பவை: புரோகிராமை ஓட்டும் சின்ன மின்சுற்று அட்டையான அர்டுயினோ ப்ரோ மினி 3.3 வோல்ற் போட், காற்றமுக்கத்தை அளக்கும் பிஎம்பி280 சென்சர், பற்றரி, சத்தம் போடும் பசர். மேலே போகப் போகக் காற்றமுக்கம் குறையும். நிலமட்டத்துக்குக் கிட்ட ஏறத்தாழ எட்டரை மீற்றருக்கு 1 ஹெக்டோபஸ்கால் (அமுக்கத்தின் அலகு) குறையும். அதுவரை பதிந்த உச்ச உயரத்திலிருந்து 2 மீற்றர் இறங்கியதும் சேர்வோ திரும்பும். சென்சர் தவறினாலும் பரசூட் விரிய, நேரக் கணக்கு ஒன்றும் கூடவே ஓடும். புரோகிராம் முதல் மாதத்திலேயே சரியாகிவிட்டது. அதன்பிறகு வந்த பழுது எல்லாமே வயரிலும் பொருத்திலும்தான். இதை ஏன் யாரும் எனக்கு முதலே சொல்லவில்லை என்று பலமுறை ஆதங்கப்பட்டிருக்கிறேன்.

கிளம்பும் கணத்தில் தண்ணீர் தள்ளும் விசை 400 நியூட்டன் வரை வரும். தண்ணீரோடு ரொக்கெட் ஒரு கிலோவுக்குக் கிட்ட. அதாவது புவியீர்ப்பைப் போல 40 மடங்கு. 20 கிராம் பற்றரி அந்த நேரம் 800 கிராம் கனக்கும். அந்தக் கனம் முழுவதும் இரண்டு மெல்லிய வயரில் தொங்கினால் என்ன ஆகும்?

முதலில் பென்ரோச் (ஏஏ) பற்றரிகளை ஸ்பிரிங் வைத்த கூட்டில் நட்டுக்குத்தாக வைத்திருந்தேன். கிளம்பும்போது பற்றரி ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு கீழே போகும், மேல் தொடுகை ஒரு கணம் விடும். அது போதும். போட் முதலிலிருந்து தொடங்கி, நடுவானத்தையே நிலமாக எடுத்துக்கொள்ளும். இரண்டு ரொக்கெட் அப்படியே தலைகீழாக வந்து வயலில் குத்தின. இப்போது ஒற்றைச் செல் லித்தியம் பொலிமர் பற்றரி. அதன் அடியில் பலகைத் தாங்கி, சுற்றி இரண்டு கேபிள் டை. கனத்தைத் தாங்குவது பலகைதான். சுவிட்சையும் குறுக்காகப் பூட்டினேன். மேலும் கீழும் தள்ளும் சுவிட்ச் அதே விசையில் தானே அணைந்துவிடும்.

அடுத்தது வயர். பழைய தொலைபேசி கேபிளின் ஒற்றைக் கம்பி பார்க்க நேர்த்தியாக இருக்கும். பத்துத் தடவை விட்டபிறகு, உருக்கி ஒட்டிய ஈயம் முடிகிற இடத்தில் ஒடியும். பல இழை வயரிலும் ஈயம் ஊறி இறுகிய எல்லையில்தான் ஒடிவு தொடங்கும். அதனால் ஒட்டிய இடத்துக்குச் சூட்டில் சுருங்கும் பிளாஸ்ரிக் குழாய் போட்டு, ஒரு சென்ரிமீற்றர் தள்ளிப் பலகையோடு கட்டி, நடுவில் கொஞ்சம் தளர்வு விடுகிறேன். திருகி இறுக்கும் முனையத்துக்குள் போகும் வயருக்கு ஈயம் பூசக்கூடாது. ஈயம் மெல்ல மெல்ல நசிந்து பிடி தளரும். இதை இரண்டாம் வருடம்தான் கண்டுபிடித்தேன்.

சேர்வோ ஒரு தனிக் கதை. திரும்பத் தொடங்கும்போது அது இழுக்கும் மின்னோட்டத்தில் வோல்ற் விழுந்து போட் அணைந்து எழும்பும். மின்னைச் சேமித்து அந்தக் கணத்தில் கொடுக்கும் 470 மைக்ரோபரட் கெப்பாசிட்டர் போட்டதில் குறைந்தது, நிற்கவில்லை. சேர்வோவுக்குத் தனிப் பற்றரி கொடுத்தபிறகுதான் நின்றது. இரண்டு பற்றரியின் மறை (மைனஸ்) முனைகளையும் ஒன்றாக இணைக்க வேண்டும்; இல்லாவிட்டால் சேர்வோ போட்டின் சைகையைக் கேட்காது.

பெட்டிக்கு 63 மில்லிமீற்றர் பி.வி.சி. பைப், 16 சென்ரிமீற்றர் நீளம். உள்ளே பலகையைத் தாங்குவது இரண்டு சைக்கிள் ஸ்போக் கம்பிகள். நுனியில் மரையும் அதற்கேற்ற நட்டும் ஏற்கெனவே இருக்கின்றன, எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

பைப்பில் காற்றுத் துளை இல்லாமல் சென்சருக்கு உயரம் தெரியாது. ஒரே துளை என்றால் அந்தப் பக்கக் காற்று அளவீட்டைக் குழப்பும். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் அதை நன்றாகவே பார்த்தோம். மூன்று துளை, ஒவ்வொன்றும் 120 பாகை விட்டு. பெரிய ரொக்கெட்காரர்களின் கணக்கு, 1640 கன சென்ரிமீற்றருக்கு 6.35 மில்லிமீற்றர்த் துளை ஒன்று. எங்கள் பெட்டி 500 கன சென்ரிமீற்றருக்குக் கிட்ட. பரப்பை மூன்றாகப் பிரித்தால் தலா 2 மில்லிமீற்றர். சாம்பல் நிறப் பைப் வெயிலில் கொதித்து அளவீட்டை நகர்த்தியதால் வெள்ளைப் பெயின்ற் அடித்தோம்.

மாரியில் செம்பு பச்சை பிடிக்கும், எறும்பும் குடியேறும். நிறமில்லாத நகப்பூச்சு நல்ல காப்பு. ஆனால் சென்சரின் சிறு துளையில் அது படவே கூடாது. ஒரு சென்சர் அப்படிச் செத்தது.

காலபோக அறுவடை முடிந்த பெப்ரவரி, மார்ச்சில்தான் அதிகம் விடுகிறோம். ஒவ்வொரு போகமும் உழுத வயலில் மட்டும். ரொக்கெட் பற்றைக் காட்டுக்குள் போனால் போனதுதான், பிள்ளைகள் பின்னால் போகக்கூடாது. கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியாத மண் இது. அப்படி ஒரு பெட்டியை விட்டுவிட்டு வந்திருக்கிறோம். பசர் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருவரும் அசையவில்லை.

இப்போது பாவிப்பது நான்காவது பெட்டி. தகரக் கூரைக்குக் கீழே முழுச் சார்ஜோடு வைத்த பற்றரி ஊதிப்போனதால், 3.8 வோல்ற்றில் நிறுத்தி மண்பானைக்குள் வைக்கிறேன். விடுவதற்கு முன் ஒரு பிள்ளை பலகையைக் காதோடு வைத்துக் குலுக்குவாள். சின்னச் சத்தம் கேட்டாலும் அன்று பம்மைத் தொடமாட்டோம்.