ஏழு பேர் உள்ள வீட்டுக்குப் பல் காப்பீடு: ஒருவருக்கு மட்டும் எடுத்தோம்

சிங்கப்பூரின் ஊட்லண்ட்ஸில் நாங்கள் ஏழு பேர் ஒரே வீட்டில் இருக்கிறோம். நான், கணவர், அத்தை, நான்கு பிள்ளைகள். பல் செலவு கையைக் கடிக்கிறதே என்று குடும்பப் பல் காப்பீடு ஒன்றைத் தீவிரமாகப் பார்த்தோம், கடைசியில் எனக்கு மட்டும் எடுத்தோம். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கிட்டத்தட்ட இதே வடிவில் வேறு திட்டங்களும் கிடைக்கின்றன, நீங்கள் எதைப் பார்த்தாலும் இதே கேள்விகள்தான் வரும். தனி ஆளுக்கு என்றால் ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுப்பேன், பெரிய குடும்பத்துக்கு என்றால் இரண்டுதான்.

முதல் குறை பெயரிலேயே இருக்கிறது. குடும்பத் திட்டம் என்றால் பெற்றோர் இருவரும் மூன்று பிள்ளைகளும், அவ்வளவுதான். நான்காவது பிள்ளைக்குத் தனிச் சந்தா. அத்தைக்கு இடமே இல்லை, 65 வயதுக்கு மேல் புதிதாகச் சேர முடியாதாம். பல் செட் தேவைப்படுவதே அந்த வயதில்தான், அவர்களை வெளியே நிறுத்திவிட்டுக் குடும்பத் திட்டம் என்று விற்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

அப்புறம் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால், பரிசோதனையும் பல் சுத்தம் செய்வதும் சேர்ந்த உடனேயே கிடைக்கும், பல் அடைக்க மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், ரூட் கெனல் (பல்லின் வேர்ச் சிகிச்சை), கிரவுன் (பல்லுக்கு மேல் போடும் உறை) இரண்டுக்கும் ஓராண்டு காத்திருக்க வேண்டும், அதன் பிறகும் பில்லில் பாதிதான் தருவார்கள், அந்தப் பாதியும் ஆண்டு வரம்பான 700 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) அடங்க வேண்டும். கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனல் செய்தால் தனியார் மருந்தகத்தில் (கிளினிக்கில்) ஆயிரத்தைத் தாண்டுவது இங்கே சாதாரணம், மேலே கிரவுன் தனி, 9 விழுக்காடு பொருள் சேவை வரி தனி. ஆக, பயந்து காப்பீடு எடுக்க வைக்கும் அந்தப் பெரிய பில் வரும்போது திட்டம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. பல் வரிசையைச் சரிசெய்யக் கிளிப் போடுவது அறவே கிடையாது. பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் உண்மையான பெரிய செலவே கிளிப்தான், அதற்கு இந்தக் காப்பீட்டை நம்ப வேண்டாம், தனியாகச் சேமியுங்கள்.

இப்போது நான் எல்லாரிடமும் சொல்ல விரும்பும் விஷயம். சந்தா கட்டுவதற்கு முன்னால் வீட்டில் யாருக்கு ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எங்கள் தாளில் முதலில் வந்தது சாஸ் அட்டை, அதாவது தனியார் மருந்தகங்களில் அரசாங்க மானியம் பெற உதவும் அட்டை. நமக்கெல்லாம் எங்கே கிடைக்கப்போகிறது என்று பலர் விண்ணப்பிப்பதே இல்லை. ஆனால் அதில் பார்ப்பது வீட்டின் மொத்த வருமானத்தை அல்ல, அதை வீட்டில் உள்ள தலைகளால் வகுத்து வரும் தொகையை. 2024 அக்டோபர் முதல் ஆளுக்கு மாதம் 1,500 வெள்ளி வரை என்றால் நீல அட்டை, அதற்கு மேல் 2,300 வரை ஆரஞ்சு, அதையும் தாண்டினால் பச்சை. மாதம் 14,000 வெள்ளி வருமானம் உள்ள வீட்டில் மூன்று பேர் என்றால் பச்சைதான். அதே வருமானத்தில் ஏழு பேர் என்றால் ஆளுக்கு 2,000, ஆரஞ்சு! பச்சை அட்டைக்குப் பல் சிகிச்சை மானியம் இல்லை, நீலத்துக்கும் ஆரஞ்சுக்கும் உண்டு, எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்பது நிறத்தைப் பொறுத்து மாறும். பெரிய குடும்பத்துக்குச் சாதகமாக இருக்கும் கணக்கு இது ஒன்றுதான், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

அத்தை மெர்டேக்கா தலைமுறை. 1950 முதல் 1959 வரை பிறந்து 1996 முடிவதற்குள் குடியுரிமை பெற்றவர்களுக்கு வருமானம் எதுவாக இருந்தாலும் சாஸ் மருந்தகங்களில் சிறப்பு மானியம் உண்டு, பல் செட்டும் அதில் அடங்கும். காப்பீடு கைவிட்ட ஆளுக்கு அரசாங்கமே கை கொடுத்துவிட்டது.

சின்னவர்கள் இருவரும் தொடக்கநிலையில் படிக்கிறார்கள், பள்ளிப் பல் மருந்தகத்திலேயே பரிசோதனை, சுத்தம், அடைப்பு எல்லாம் இலவசமாக முடிகிறது. உயர்நிலைப்பள்ளியில் இருப்பவனுக்கும் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போகும் மூத்தவளுக்கும் சாஸ் அட்டை இருக்கிறது. மூத்தவளுக்கு ஞானப்பல் வம்பு செய்தால் என்ன செய்வது என்று முகவர் கேட்டார், நல்ல கேள்விதான், ஆனால் அறுவை சிகிச்சை செய்து எடுக்க வேண்டிய ஞானப்பல்லுக்கு வரம்புக்கு உட்பட்டு மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்புக் கணக்கு) பயன்படுத்தலாம், பெற்றோர் கணக்கிலிருந்தும் எடுக்கலாம். அவள் வயதில் சும்மா பிடுங்குவதற்கும் சுத்தம் செய்வதற்கும் மெடிசேவ் கிடையாது. எல்லாருக்கும் உள்ள அரசாங்க மருத்துவக் காப்பீடான மெடிஷீல்ட் லைஃப் இருக்கிறதே என்றும் சிலர் நினைக்கிறார்கள். விபத்தில் அடிபட்டால் தவிரப் பல் சிகிச்சை அதில் வராது. கணவருக்கு வேலையிடத்தில் பல் செலவுக்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்குகிறார்கள், சரி, அவரும் முடிந்தது.

மிச்சம் நான். நான் நிரந்தரவாசி, சாஸ் குடிமக்களுக்கு மட்டும். வீட்டிலிருந்து டியூஷன் எடுப்பதால் முதலாளி தரும் சலுகையும் இல்லை. ஆக எனக்கு எடுத்தோம், ஆண்டுக்கு 180 வெள்ளி. பக்கத்துத் தனியார் மருந்தகத்தில் ஒருமுறை சுத்தம் செய்யவே நூறு வெள்ளியை ஒட்டி வருகிறது, இரண்டு முறை போனாலே போட்ட காசு திரும்பிவிடும். போகாவிட்டால் நஷ்டம், அது நிச்சயம். இதுவரை காப்பீட்டு அட்டையைக் காட்டினால் காசு கேட்காமல் அனுப்புகிறார்கள், அது நிம்மதி. ஒரு பல் அடைத்ததற்கு மட்டும் ரசீதில் பல் எண் (எந்தப் பல் என்று குறிக்கும் எண்) இல்லை என்று பணத்தைத் தராமல் இழுத்தார்கள், மருந்தகம் மறுபடி எழுதிக் கொடுத்த பிறகுதான் வந்தது. நீங்கள் பணம் கட்டும்போதே ரசீதில் பல் எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வீட்டில் எல்லாரும் நிரந்தரவாசிகளாகவோ வேலை அனுமதியில் இருப்பவர்களாகவோ இருந்தால் கதை வேறு, உங்களுக்கு இந்த மாதிரித் திட்டம் என்னைவிட அதிகம் உதவும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அவர்களுடைய மருந்தகப் பட்டியலை வாங்கி உங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் எத்தனை இருக்கின்றன, சனி ஞாயிறு திறந்திருக்குமா என்று நீங்களே போன் போட்டுக் கேளுங்கள். எனக்குக் கொடுத்த பட்டியலில் பாதி நகர மையத்தில்தான் இருந்தது, நான்கு பிள்ளைகளை ரயிலில் ஏற்றிக்கொண்டு அங்கே போய்வர யாருக்கு முடியும்?