யமஹா எஃப்ஜி-180: டெல்டா ஈரத்துக்குத் தாங்குமா?

1966-ல் ஜப்பானில் வந்த கிட்டார். மேல்பலகை ஸ்ப்ரூஸ் ஒட்டுப்பலகைதான். ஒற்றைப் பலகையின் செழிப்பான நாதம் வராது. ஆனால் ஐப்பசி அடைமழையில் கும்பகோணத்து வீட்டில் கிடந்தாலும் லேசில் உப்பாது, வெடிக்காது. நம்மூருக்கு அது பெரிய விஷயம்.

வாங்குமுன் 12-ஆம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் பதித்த உலோகக் குறுக்குப்பட்டை) மேல் தடித்த ஈ (E) கம்பியின் உயரத்தை அளந்துவிடுங்கள். 2.5 மி.மீ. என்றால் நல்லது. 4 மி.மீ. இருந்து, சாடிலையும் (மேல்பலகையில் ஒட்டிய பிரிட்ஜ் கட்டையில் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டை) ஏற்கெனவே ராவித் தாழ்த்தியிருந்தால் விட்டுவிடுங்கள். கம்பிகளின் இழுவிசையில் கழுத்துக் கோணம் மாறிப்போயிருக்கும். கழுத்தைக் கழற்றி ஒட்டும் கூலி கிட்டார் விலையையே தொட்டுவிடலாம். சாடில் உயரமாக இருந்தால் பிழைத்தீர்கள்: 2 மி.மீ. ராவினால் கம்பி 1 மி.மீ. இறங்கும். 11 கேஜ் கம்பி (மெல்லிய கம்பியின் தடிமன் 0.011 அங்குலம்) போதும். 13 போட்டால் பழைய பிரிட்ஜ் பெயர வாய்ப்புண்டு. சித்திரை வெயிலில் காருக்குள் வைக்கவே வேண்டாம், பசை இளகும்.